ஆயிரம் பேரைக் கேட்டு ஆறு கோடிப் பேரின் மனதை அறிய முடியுமா? கருத்துக்கணிப்பைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. மக்களவைத் தேர்தலின் ஏழாம் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆனதுமே எல்லாத் தொலைக்காட்சிகளிலும் கணிப்பு எண்கள் ஓடத் தொடங்கின. பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றார்கள். 361 முதல் 401 வரை என்றது ஒரு நிறுவனம். திங்கட்கிழமை பங்குச்சந்தை திறந்ததும் அதன் குறியீடான சென்செக்ஸ் துள்ளியது, மாலைக்குள் சுமார் 2,500 புள்ளிகள் ஏற்றம். செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. கூட்டணி 293 இடங்களில் நின்றது, பாஜகவுக்கு மட்டும் 240. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் சுமார் 4,390 புள்ளிகள் சரிந்தது. கணிப்பை நம்பித் திங்கட்கிழமை பங்கு வாங்கியவர்களுக்கு அது சாதாரண நஷ்டம் இல்லை.

இப்படி ஒவ்வொரு முறை கணிப்பு தவறும்போதும் இரண்டு பேச்சுகள் காதில் விழும். ஒன்று, “எல்லாம் காசு வாங்கிக்கிட்டுப் போடுறது.” இன்னொன்று, “என்னை யாருமே கேட்கலையே, எங்கேயிருந்து வந்துச்சு இந்த நம்பர்?” முதலாவது சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது மிக நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் கருத்துக்கணிப்பு என்ற விஷயமே பெரும்பாலும் புரிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருத்துக்கணிப்பில் ஆகப் பலவீனமான பகுதி, “இத்தனை இடம் கிடைக்கும்” என்ற எண். ஆகப் பலமான பகுதி, மக்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள், எதில் கோபம், எதில் திருப்தி, எந்தத் தலைவரை எதற்காகப் பிடிக்கிறது என்ற விவரம். நமக்கு வந்து சேருவதெல்லாம் முதலாவது மட்டும்தான்.

என்னைக் கேட்கவே இல்லையே!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்கிறோமே, மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படை முழுவதும் அதில் இருக்கிறது. பானை பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை. அண்டாவில் வடித்தாலும் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்தால் அடியில் பிடித்திருப்பது தெரியாது.

கணக்கும் இதையே சொல்கிறது. யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல் முறையில், எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தேர்ந்தெடுத்தால், 1,000 பேரிடம் கேட்டு வரும் விடை உண்மை நிலவரத்திலிருந்து கூடவோ குறையவோ 3 சதவீதத்துக்குள் இருக்கும், நூற்றுக்கு 95 முறை. இதைத்தான் பிழை வரம்பு என்கிறார்கள். சுமார் 2,400 பேரைக் கேட்டால் இந்த வரம்பு 2 சதவீதமாகும். 1 சதவீதமாக்க வேண்டுமானால் ஏறக்குறைய 10,000 பேரைக் கேட்க வேண்டும். அதாவது பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் தேவை. இந்த எண்கள் புதுச்சேரிக்கும் ஒன்றுதான், 2024இல் ஆறு கோடிக்கு மேல் வாக்காளர்கள் இருந்த தமிழ்நாட்டுக்கும் ஒன்றுதான். உங்களைக் கேட்கவில்லை என்பது குறையே இல்லை. உங்களையும் கேட்டிருக்க வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி.

வாய்ப்பே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படும் ஒரு தேர்தல் உண்டு. 1936இல் அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து ஆல்ஃப் லேண்டன் நின்றார். அதற்கு முந்தைய தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கியிருந்த ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ், சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, லேண்டனுக்கு 57 சதவீதம் என்று அறிவித்தார்கள். தேர்தலில் ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீதம் வாங்கினார். 48 மாநிலங்களில் லேண்டனுக்குக் கிடைத்தவை இரண்டு மட்டும்.

எங்கே கோளாறு? முகவரிகளை எடுத்த இடம் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல், இதழின் சந்தாதாரர் பட்டியல் போன்றவை. பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியில் நாடு நொந்துகிடந்த காலம் அது. வீட்டில் தொலைபேசியும் வாசலில் காரும் வைத்திருந்தவர்கள் ஒரு தனி வகை மக்கள். அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. சீட்டு கிடைத்தவர்களில் அதை நிரப்பித் தபாலில் திருப்பி அனுப்பும் அளவுக்கு முனைப்பாக இருந்தவர்கள், ரூஸ்வெல்ட் மேல் கோபமாக இருந்தவர்களில்தான் அதிகம். ஆட்சியில் திருப்தியாக இருந்தவர்கள் பலர் சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்றார். அது மட்டுமல்ல, ‘டைஜஸ்ட்’ எந்த முடிவை வெளியிடப்போகிறது என்பதையும் அவர் முன்கூட்டியே சொன்னார், ஏறக்குறைய அப்படியே நடந்தது. ரூஸ்வெல்ட்டின் சதவீதத்தை அவரும் ஐந்து புள்ளி அளவுக்குக் குறைத்தே கணித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ 1938இல் நின்றுபோனது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், அந்தத் தவறு இன்றைக்கும் நம் கைபேசியில் தினமும் நடக்கிறது. “அடுத்த முதல்வர் யார்?” என்று ஒரு யூடியூப் சேனல் கேட்கிறது. இரண்டு லட்சம் பேர் வாக்களிக்கிறார்கள். இரண்டு லட்சம் என்றதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் அந்தச் சேனலைப் பார்ப்பவர்கள், அதிலும் பொத்தானை அழுத்தும் அளவுக்கு ஆர்வம் உள்ளவர்கள். கட்சியின் இணைய அணி அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் முடிவே மாறும். முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேர் சொல்வதன் பக்கத்தில்கூட இது வர முடியாது.

வீட்டு வாசலில் என்ன நடக்கிறது

இந்தியாவில் 1950களிலேயே எரிக் டகோஸ்டா இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். 1963இல் அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரி டெல்லியில் நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967 தேர்தலில் நாடு தழுவிய ஆய்வை நடத்தியது. அதன் ஓர் அங்கமான லோக்நிதி இன்றுவரை தேர்தல் ஆய்வுகளைச் செய்துவருகிறது. அவர்களின் முறை ஓரளவு வெளிப்படையானது, புதிதாகத் தெரிந்துகொள்பவருக்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலில் குலுக்கலில் சில தொகுதிகள். அந்தத் தொகுதிகளில் சில வாக்குச்சாவடிகள். அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பெயர்கள். பட்டியலில் வந்த அந்த ஆளைத்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். எதிரே வருபவரைக் கேட்டு முடித்துவிடக் கூடாது.

கேட்கச் சுலபமாகத் தெரிகிறது. வாசலில் போய் நின்றால்தான் கஷ்டம் புரியும். பட்டியலில் இருப்பது 47 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டினால் கணவர் வெளியே வருகிறார். “அவளுக்கு அரசியல் ஒண்ணும் தெரியாது தம்பி, என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்.” கேட்டு எழுதிக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் வேலை முடியும், கணக்கு அங்கேயே கெட்டுப்போகும். அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார், மாலையில்தான் வருவார். மாலையில் திரும்பப் போனால் பக்கத்து வீட்டிலிருந்து நாலு பேர் கூடிவிடுகிறார்கள். “நீங்க எந்தக் கட்சி ஆளு?” என்று முதல் கேள்வி களப்பணியாளருக்குத்தான் வருகிறது. அத்தனை பேர் முன்னால், மாமனார் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கு ஓட்டு என்று அந்தப் பெண் எப்படி வாய்விட்டுச் சொல்வார்? அதற்காகவே சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டை அவர் கையில் கொடுத்து, தனியாகக் குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்வது லோக்நிதியின் வழக்கம். களப்பணியாளருக்கும் அது தெரியாது.

களப்பணியாளர்கள் பலர் கல்லூரி மாணவர்கள். வெயிலில் நடந்து, பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை போய், அரை மணி நேரம் பேசி வாங்கி வரும் அந்த ஒரு படிவத்தின் நேர்மையில்தான் தொலைக்காட்சியில் ஓடும் பெரிய எண் முழுவதும் நிற்கிறது. மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய படிவமும் அதே தாள்தான், அதே கட்டத்தில்தான் டிக் இருக்கும். இதைத் தடுக்க, குரல் பதிவு, கைபேசியின் இருப்பிடப் பதிவு, மறுநாள் அதே வீட்டுக்குத் தொலைபேசி என்று பல சோதனைகள் இருக்கின்றன. அதற்கெல்லாம் செலவாகும். செலவைக் குறைக்கும் நிறுவனம் முதலில் வெட்டுவது இதைத்தான்.

எவ்வளவு கவனமாகப் போனாலும் சிலர் அதிகமாகவும் சிலர் குறைவாகவும் மாட்டுவார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் குறைவாகவே கிடைப்பார்கள். இதைச் சரிசெய்யும் கணக்கு ஒன்று உண்டு. 1,000 பேரில் 650 ஆண்கள், 350 பெண்கள் கிடைத்தார்கள் என்று கொள்வோம். ஒரு கட்சியை ஆண்களில் 50 சதவீதமும் பெண்களில் 30 சதவீதமும் ஆதரிக்கிறார்கள். அப்படியே கூட்டினால் 325உம் 105உம் சேர்ந்து 430, அதாவது 43 சதவீதம். ஆனால் ஊரில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையப் பாதிப் பாதி. அந்த விகிதத்தில் சமன்செய்தால் 40 சதவீதம்தான் வருகிறது. ஒரு சின்னக் கணக்கில் மூன்று சதவீதம் போய்விட்டது. தமிழ்நாட்டுத் தேர்தலில் மூன்று சதவீதம் என்றால் ஆட்சியே மாறலாம்.

கேட்கும் விதம்

ஆள் சரியாகக் கிடைத்தாலும் கேள்வி கோணலாக இருந்தால் விடையும் கோணலாகத்தான் வரும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை பிரபலமானது. ஜனநாயகத்துக்கு எதிராகப் பொதுவெளியில் பேசுவதை “அனுமதிக்க வேண்டுமா?” என்று ஒரு பிரிவினரைக் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், “தடைசெய்ய வேண்டுமா?” என்று கேட்டார்கள். தடைசெய்யலாம் என்றவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். இரண்டும் ஒரே விஷயம். தடை என்றதும் மனசு ஒரு நொடி தயங்குகிறது.

கேள்விகளின் வரிசையும் விடையை மாற்றும். பனிப்போர் தொடங்கிய 1948இல், கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்களை அமெரிக்காவுக்குள் விடலாமா என்று முதலில் கேட்டபோது சம்மதித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். “நம் செய்தியாளர்களை ரஷ்யா உள்ளே விட வேண்டுமா?” என்று முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது சம்மதம் 73 சதவீதமானது. நமக்கு ஒரு நியாயம், அடுத்தவருக்கு ஒரு நியாயமா என்று தோன்றிவிடுகிறது. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். மின்கட்டணம், குடிநீர், சாலை என்று பத்து கேள்வி கேட்டுக் கடுப்பேற்றிவிட்டு “ஆட்சி எப்படி?” என்று கேட்டால் ஒரு விடை. மகளிர் உரிமைத் தொகையும் கட்டணமில்லாப் பேருந்தும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு அதையே கேட்டால் வேறு விடை. இரண்டும் பொய் இல்லை. எது முன்னால் கேட்கப்பட்டது என்று சொல்லாமல் விடையை மட்டும் வெளியிடுவதுதான் பொய்க்குச் சமம்.

நாட்டு நடப்பு பற்றிக் கேட்கும்போது இன்னொரு சிக்கல். நமக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சம். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்’ என்ற, இல்லவே இல்லாத ஒரு சட்டத்தை நீக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒருவர் நீக்கலாம் என்றோ கூடாது என்றோ கருத்துச் சொன்னார். ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த மூன்றாம் நாளே “மக்களில் 62 சதவீதம் ஆதரவு” என்று யாராவது சொன்னால், அதில் மசோதாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்ற வேண்டும். நல்ல ஆய்வுகள் “இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்பதை முதலில் கேட்கும்.

“சொல்ல விரும்பவில்லை”, “இன்னும் முடிவு செய்யவில்லை” என்றவர்களை என்ன செய்தார்கள் என்பதும் முக்கியம். ஒரு கட்சிக்கு 40, இன்னொன்றுக்கு 30, முடிவு செய்யாதவர் 30 சதவீதம் என்று வந்த கணக்கை, அந்த 30ஐ விட்டுவிட்டு 57க்கு 43 என்று போடலாம். கணக்கில் தவறில்லை. ஆனால் தேர்தலைத் தீர்மானிக்கப்போகிறவர்களே படத்திலிருந்து காணாமல் போகிறார்கள்.

தலைவருக்கு எத்தனை மதிப்பெண்?

“இந்தத் தலைவரின் செயல்பாடு திருப்தியா?” என்று மாதாமாதம் கேட்கும் பழக்கத்தை 1930களில் கேலப் நிறுவனம் தொடங்கியது. இந்த வகை எண்ணுக்கு ஒரு குணம் உண்டு: தலைவரின் தரத்தைவிட அந்த நேரத்து நிகழ்ச்சிகளை அது அதிகம் காட்டும். 2001 செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் ஆதரவு 51 சதவீதம். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த சில நாட்களில் 90. இரண்டு வாரத்தில் அவர் வேறு மனிதராகிவிடவில்லை. நாட்டுக்கு ஆபத்து என்றதும் மக்கள் தலைவரின் பின்னால் திரள்வது எல்லா நாட்டிலும் நடப்பது. 2008இல் அதே புஷ்ஷுக்கு 25 சதவீதமாகச் சரிந்தது. அவருக்கு முன்பு அதிபராக இருந்த அவருடைய தந்தையின் கதை இன்னும் கூர்மையானது. 1991இல் வளைகுடாப் போர் முடிந்தபோது 89 சதவீத ஆதரவு. அடுத்த ஆண்டே பொருளாதாரம் தொய்ந்து, 1992 நவம்பரில் பில் கிளிண்டனிடம் தோற்றார்.

நம் நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டு 2004 மக்களவைத் தேர்தல். பிரதமராக யார் வேண்டும் என்ற கேள்வியில் வாஜ்பாய்தான் முன்னணியில் இருந்தார். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளும் அவருடைய கூட்டணிக்கு 230க்கு மேல் கொடுத்தன. கூட்டணி 200ஐக்கூடத் தொடவில்லை. காங்கிரஸ் 145, பாஜக 138. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பதும் எதிரணிக்குப் போயிற்று. அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தலைவர் மேல் மரியாதை வேறு, தன் ஊர் எம்பி மேல் கோபம் வேறு, கூட்டணிக் கணக்கு வேறு. இந்திய வாக்காளர் மூன்றையும் ஒரே மனதில் வைத்திருக்கிறார்.

பெயர் தெரிந்திருப்பதும் ஆதரவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தேர்தலுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போது “முதல்வராக யார் வரலாம்?” என்று கேட்டால், சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் தினமும் முகம் தெரிந்தவருக்கு விடை குவியும். அது நினைவில் முதலில் வரும் பெயர். வாக்குச்சாவடிக்குப் போகும் நாளில் சின்னம், சாதி, உள்ளூர் வேட்பாளர், வீட்டுக்கு வந்து சேர்ந்த திட்டம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

சதவீதம் சரி, இடங்கள் ஏன் தப்புகின்றன?

புதிதாகப் படிப்பவர்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கருத்துக்கணிப்பு அளப்பது வாக்குச் சதவீதத்தை. இடங்களின் எண்ணிக்கையை அது அளப்பதில்லை. சதவீதத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு ஊகிக்கிறார்கள். நம் தேர்தல் முறையில் ஒரு வாக்கு கூடினாலும் வெற்றிதான், எனவே அந்த ஊகம் எளிதில் சறுக்கும்.

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக சுமார் 44 சதவீத வாக்கு வாங்கி 39இல் 37 தொகுதிகளை வென்றது. திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு இருந்தும் ஓரிடம்கூட இல்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாக்களித்த கட்சிக்கு நாடாளுமன்றத்தில் பூஜ்யம். எதிரணி வாக்குகள் பல துண்டுகளாகச் சிதறியதன் விளைவு அது. வாக்குச் சதவீதத்தைத் துல்லியமாகச் சொன்ன ஒருவர்கூட இடங்களில் தடுமாறியிருக்க முடியும்.

2016 சட்டமன்றத் தேர்தல் இன்னும் நல்ல பாடம். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை திமுக கூட்டணிதான் ஆட்சிக்கு வரும் என்றன. அதிமுக வென்றது, 1984க்குப் பிறகு முதன்முறையாக ஆளுங்கட்சி ஆட்சியைத் தக்கவைத்தது. இரண்டு அணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான். ராதாபுரத்தில் அதிமுக வென்றது 49 வாக்குகளில். காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்குகளில். எந்தக் கணிப்புக்கும் 49 வாக்குகளைப் பார்க்கும் கண் கிடையாது.

இங்கே அந்தப் பிழை வரம்புக்குத் திரும்பிப் போக வேண்டும். 1,000 பேரிடம் கேட்டதில் ஒரு கட்சிக்கு 41, இன்னொன்றுக்கு 38 என்று வந்தால், முன்னவர் முன்னணி என்று தலைப்பு போடுகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பிழை வரம்பு 3 என்றால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தின் பிழை வரம்பு சுமார் 5.5. மூன்று சதவீத முன்னிலை அதற்குள் அடங்கிவிடுகிறது. “போட்டி கடுமை, யார் என்று சொல்ல முடியாது” என்பதுதான் அந்தக் கணிப்பு உண்மையில் சொல்வது. அதை எந்தத் தொலைக்காட்சி தலைப்பாகப் போடும்? 2024 ஹரியாணா சட்டமன்றத் தேர்தலில் கணிப்புகள் காங்கிரஸ் என்றன. வந்தது பாஜக, 90இல் 48 இடங்கள். வாக்கில் இரண்டு கட்சிகளுக்கும் இருந்த இடைவெளி ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

தொகுதிவாரியாகச் சொல்கிறோம் என்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். தமிழ்நாடு முழுவதும் 5,000 பேரைக் கேட்டால் 234 தொகுதிக்கும் பங்கிட்டு ஒரு தொகுதிக்கு 21 பேர் வருவார்கள். 21 பேரை வைத்து மதுரை மேற்கில் யார் வெல்வார் என்று சொல்வது கணக்கு ஆகாது.

காலமும் ஒரு காரணம். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமனும் டூயியும் மோதினார்கள். கேலப் உள்ளிட்டோர் தேர்தலுக்குப் பல நாட்கள் முன்பே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். டூயி வென்றார் என்று ‘சிகாகோ டெய்லி டிரிபியூன்’ தலைப்பே அச்சிட்டது, வென்றது ட்ரூமன். கடைசி வாரத்தில் மனம் மாறுகிறவர்கள் எங்கும் உண்டு. நம் ஊரில் கடைசி இரண்டு இரவுகளில் கைமாறும் பணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது எந்தப் படிவத்திலும் பதிவாகாது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவுகளைத் தொலைக்காட்சி முதலிய மின்னணு ஊடகங்களில் வெளியிடக் கூடாது. வாக்களித்துவிட்டு வருபவரிடம் எடுக்கும் கணிப்பை, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வெளியிடத் தடை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ என்ற பிரிவாக 2009இல் சேர்க்கப்பட்டது இது. மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை. ஆனால் எத்தனை பேரைக் கேட்டீர்கள், எந்தத் தேதியில், என்ன கேள்வி, யார் செலவில் என்று இந்த இரண்டு விதிகளும் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. எப்போது வெளியிடலாம் என்று சொல்லும் சட்டம், எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்ல வைக்கவும் வேண்டும். அது வரும்வரை வாசகர்தான் கேட்க வேண்டும். இந்த விவரங்கள் எதையும் சொல்லாத ஒரு கணிப்பை, யார் பெயரில் வந்தாலும், யாருக்குச் சாதகமாக வந்தாலும், மற்றவருக்கு அனுப்பாதீர்கள். பிரபலமான செய்தி நிறுவனத்தின் முத்திரையை ஒட்டி வரும் போலி அட்டைகள் தேர்தல் நேரத்தில் ஏராளம். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போய்ப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் கருத்துக்கணிப்பு ஏன் வேண்டும் என்று கேட்டால், 2024 தேர்தலையே மறுபடியும் காட்டுவேன். அந்த ஏப்ரலில், முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு முன்பே, லோக்நிதி 19 மாநிலங்களில் சுமார் 10,000 பேரைக் கேட்டு எடுத்த ஆய்வு வெளியானது. உங்களுக்கு முக்கியமான பிரச்சினை எது என்ற கேள்விக்கு 27 சதவீதம் பேர் வேலையின்மை என்றார்கள், 23 சதவீதம் பேர் விலைவாசி என்றார்கள். ராமர் கோயில் என்றவர்கள் 8 சதவீதம். வேலை கிடைப்பது முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது என்றவர்கள் பாதிக்கு மேல். அதே ஆய்வில் பாஜக முன்னணியில்தான் இருந்தது, தொலைக்காட்சிகள் பேசியதும் அதைப் பற்றித்தான். வேலை கிடைக்காத இளைஞரும், எண்ணெய் விலை ஏறியதைக் கணக்குப் பார்த்த குடும்பத் தலைவியும் அந்த அட்டவணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை ஒரு கணிப்பு வெளியாகும்போது, இடங்களின் எண்ணைத் தாண்டி, மக்கள் சொன்ன காரணங்கள் இருக்கும் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். லோக்நிதியின் அறிக்கைகள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. கேள்விகளும் அப்படியே கொடுக்கப்பட்டிருக்கும்.